எந்த வகையில்?

புதுவை மாணவர் எழுதிய கட்டுரைகள் சில அண்மையில் நம் பார்வைக்கு வந்தன. கீழூர் வாக்கெடுப்பு, 1936 ஆலைத் தொழிலாளர் போராட்டம், சாதி ஒழிப்பு என்பன தலைப்புகள். நடை நன்று, பிழை குறைவு, படித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் கட்டு முழுவதையும் படித்து முடித்தபின் நம் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை. காரணம், எவரும் எதையும் சொல்லவில்லை!

'ஒருவகையில் பார்த்தால்', 'என்று கருதவும் இடமுண்டு', 'அவரவர் நோக்கைப் பொறுத்தது' – பந்திக்குப் பந்தி இவையே நிற்கின்றன. இதனை அடக்கம் என்று மாணவர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பைப் பற்றி ஒருவர் எழுதுகிறார்: இந்தியாவுடன் இணைவதைப் பெரும்பாலோர் ஆதரித்ததாகக் கருதப்படுகிறதாம். கருதுவானேன்? வாக்களித்த பேராளர் 178, ஆதரித்தோர் 170, எதிர்த்தோர் 8. எண்ணி முடித்த கணக்கில் கருதுவதற்கு என்ன இருக்கிறது? ஐயம் எழவேண்டிய இடம் வேறு. அன்று வாக்களித்தோர் பேராளரே, பொதுமக்கள் அல்லர். அந்த 170 வாக்குகள் ஊர்மக்கள் உள்ளத்தை எந்த அளவுக்குக் காட்டின? இது ஆராயத்தக்க வினா. இங்கே 'இருக்கலாம்' என்று எழுதுவது அறிவுடைமை. மாணவரோ இங்கே வாய் திறக்கவில்லை!

1936 ஜூலை 30 அன்று புதுவையில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆலைத் தொழிலாளர் 12 பேர் இரையாயினர். இன்னொரு மாணவர் எழுதுகிறார்: தொழிலாளர் இதனைக் கொடுமை என்பர், ஆட்சியினர் ஒழுங்கு காத்தல் என்பர், இரண்டிலும் உண்மை உண்டு. எந்த உண்மை, எவ்வளவு உண்மை என்பதைச் சொன்னாரா? இல்லை. இரு தரப்பையும் கேட்பது நடுவர் கடன். கேட்டபின் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போவதற்குப் பெயர் நடுநிலையா?

சாதியைப் பற்றி எழுதியவரோ ஐன்ஸ்டீனையே துணைக்கு அழைத்துவிட்டார். எல்லாம் சார்பே என்று அவர் மெய்ப்பித்தாராம். ஆகவே சாதி நன்றா தீதா என்பதும் பார்ப்பவரைப் பொறுத்ததாம்! 1905இல் வந்த அக்கோட்பாடு, காலமும் நீளமும் அளப்பவரின் இயக்கத்துக்கேற்ப மாறும் என்றது மெய்யே. ஆனால் வெற்றிடத்தில் ஒளியின் வேகம், சீராக இயங்கும் எல்லார்க்கும் ஒன்றே, இயற்கை விதிகளும் ஒன்றே என்னும் அடித்தளத்தின் மீதே அது நிற்கிறது. பின்னர், கதிரவனருகே வரும் விண்மீன் ஒளி, நியூட்டன் வழிக் கணக்கைக் காட்டிலும் இருமடங்கு வளையும் என்று அளவிட்டுச் சொன்னார் ஐன்ஸ்டீன். 1919ஆம் ஆண்டுக் கதிரவன் மறைப்பின்போது அது சோதிக்கப்பட்டது. 'ஒருவகையில் வளையலாம்' என்று அவர் எழுதியிருந்தால் எதனைச் சோதிப்பது? பிழைபடக்கூடிய அளவுக்குத் தெளிவாகச் சொன்னதால்தான் அது அறிவியலாயிற்று. பொதுக்குளத்தில் நீர் மறுக்கப்பட்டவனின் விடாய், மறுத்தவனின் நோக்கு மாறினால் தணிந்துவிடுமா?

ஐயத்தை நாம் பழிக்கவில்லை. பகுத்தறிவின் முதற்படியே அது. இதே புதுவையில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கர், கண்டதையும் கேட்டதையும் எழுதுவதாகச் சொல்லியே தொடங்கினார். கண்டது வேறு, கேட்டது வேறு என்று காட்டுவது நேர்மையான அடக்கம். சான்றின் வலிமைக்கேற்பச் சொல்லின் வலிமையை அமைப்பது. கைநிறையச் சான்றிருந்தும் சொல்லை மெலிவிப்பது அடக்கமன்று, அச்சம்.

அச்சத்தை ஊட்டியவர் யார்? முடிவு சொன்னால் மதிப்பெண் போகும் என்று மிரட்டும் ஆசிரியரும், பெரியோர் மனம் நோகும் என்று தடுக்கும் வீடும். பிரெஞ்சு ஆட்சியில் 1909இல் ஆசிரியப் பணி ஏற்ற பாரதிதாசன், அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டே சாதியையும் மூடநம்பிக்கையையும் சாடினாரே! அவர் பிறந்த ஊர் மாணவர்க்கா இந்த நடுக்கம்?

நம் இயக்க இளைஞர்க்கும் ஒன்று சொல்வோம். சான்றின்றி முழங்குவது இதற்கு மருந்தாகாது. 'எல்லாம் சார்பு' என்பவரும் 'ஐயமே இல்லை' என்று மேசையைக் குத்துபவரும் சான்று தேடும் உழைப்புக்கு அஞ்சுகிறவர்களே.

மாணவத் தோழர்களே! 'ஒருவகையில்' என்று எழுதியதும் நிறுத்துங்கள். 'எந்த வகையில்?' என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைத்தால் அவ்விடையை எழுதுங்கள். கிடைக்காவிடில் அச்சொல்லை அடித்துவிட்டு, நூலகத்துக்குச் செல்லுங்கள். சான்றோடு திரும்பி வந்து, உங்கள் முடிவை உங்கள் பெயரால் சொல்லுங்கள். பிழையானால் திருத்திக்கொள்ளலாம். சொல்லாததை எவராலும் திருத்த முடியாது.