சந்திரசிலாவும் சித்திரைப் பனியும்

பனி என்றால் டிசம்பர், ஜனவரிதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏப்ரலில் உருகுகிற பனியில் ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்! உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து துங்கநாத் வழியாகச் சந்திரசிலா உச்சி, 12,000 அடிக்கு மேல். போய் வந்ததிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே மனைவி எழுந்து போய்விடுகிறாள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கும்மிருட்டு. நெற்றியில் விளக்கு. பூட்ஸில் மாட்டிய இரும்புப் பல் பனியை நறுக் நறுக்கென்று கடிக்கிறது. ராத்திரிக் குளிரில் மேல்பனி இறுகிக் கிடப்பதால் கால் புதையாது, அதற்காகத்தான் விடியும் முன்பே நம்மை எழுப்பி விரட்டுகிறார்கள். பஞ்ச கேதாரம் என்கிற ஐந்து சிவன் கோயில்களில் ஒன்றான துங்கநாத் பனிக்கு நடுவே பூட்டிக் கிடக்கிறது, சுவாமி குளிர்காலத்துக்கு மக்குமடத்துக்கு இறங்கிவிட்டார். வெளியே நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே ஏறினால், ஐயோ, சௌகம்பா! 22,000 அடிக்கு மேல் நிற்கிற அந்த நான்கு முகடுகளும் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு தங்கமாகி, அந்தப் பக்கம் திரிசூல், நந்தாதேவி என்று ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ள, நான் வெட்கமில்லாமல் ஓவென்று கத்தினேன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தேன், அவரும் கத்தினார்!

ஆனால் உச்சியை விடுங்கள், இறக்கம்தான் கொண்டாட்டம். வெயில் ஏற ஏற பனி இளகி, கையில் அள்ளினால் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக வழுக்கி ஓட, வைத்த கால் பொசுக்கென்று முழங்கால்வரை இறங்க, பிடுங்கினால் அடுத்தது இறங்க, அடியில் எங்கேயோ தண்ணீர் சலசலவென்று ஓடுகிற சத்தம் கேட்க, நடந்தது போதும் என்று அப்படியே உட்கார்ந்து சறுக்கினேன் பாருங்கள், நாற்பதைத் தாண்டிய ஆள், தொந்தியும் முதுகுப்பையுமாக, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க, சட்டைக்குள்ளெல்லாம் பனி! கீழே காட்டுக்குள் வந்தால் புரான்ஷ் என்கிற பூமரமெல்லாம் செக்கச்செவேலென்று பூத்து, உதிர்ந்த பூ ஈரப்பனிமேல் கிடக்கிறது. சாக்ஸ் நனைந்து விரல் மரத்துப்போனது உண்மைதான். போகட்டும், சோப்தா கடையில் ஆவி பறக்கிற மேகி வந்ததும் அதுவும் மறந்துபோனது.

கோயில் நடை ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறந்துவிடும், கூட்டமும் வந்துவிடும். அதற்கு முன்பே போய்விடுங்கள். மாற்று சாக்ஸ் மட்டும் இரண்டு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.