முதிர்கன்னி: ஒரு சொல்லும் சில கவிதைகளும்

புதுக்கவிதை தமிழில் வேரூன்றிய நாள்முதல், கவிஞர்களின் கைக்கு எளிதில் எட்டும் பொருளாக இருந்து வருபவள் மணமாகாத பெண். முதிர்கன்னி என்று தலைப்பிட்ட கவிதை ஒன்றேனும் இல்லாத மீலாது மலரை நாம் கண்டது அரிது. எல்லாவற்றிலும் ஒரு சாளரம் இருக்கும். சாளரத்தில் ஒரு முகம் இருக்கும். தெருவில் யாருடைய மண ஊர்வலமோ செல்லும். முதல் நரை எட்டிப் பார்க்கும். ஈற்றடியில் வரதட்சணை வந்து நின்று வசை வாங்கிக்கொள்ளும். எழுதியவரின் இரக்கத்தில் நமக்கு ஐயமில்லை. அவர் அவளைப் பார்த்தாரா என்பதில்தான் ஐயம்.

இந்த ஐயம் நமக்குத் தானாகத் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் வில்லியனூர்ப் பகுதியில் நடந்த ஒரு மீலாது விழாக் கவியரங்கிற்குத் தலைமை ஏற்றிருந்தோம். இளங்கவிஞர் ஒருவர் இப்பொருளில் பாடினார். அவை கண்கலங்கியது. நாமும் “மாஷா அல்லாஹ்” என்றோம். கைத்தட்டல் அடங்கியபின், பெண்கள் பகுதித் திரையைக் கடந்து ஒரு சிறுவன் கையில் சீட்டொன்று வந்தது. இரண்டே வரி. “அந்தப் பெண் வேலைக்குப் போகிறாளா? போகிறாள் என்றால் அவள் சம்பளம் யாரிடம் இருக்கிறது?” தலைவர் என்ற முறையில் அதை அவையில் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். எழுதியவர் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாக நாள்தோறும் பேருந்தில் வந்து தனியார் பள்ளியொன்றில் கற்பிக்கும் ஆசிரியை எனப் பின்னர் அறிந்தோம். இக்கட்டுரை அந்தச் சீட்டுக்குக் காலந்தாழ்ந்த மறுமொழி.

முதலில் சொல்லையே பார்ப்போம். முதிர்கன்னி என்பது வினைத்தொகை. முதிர்ந்த கன்னி, முதிர்கின்ற கன்னி, முதிரும் கன்னி என மூன்று காலத்துக்கும் விரியும். அதாவது முக்காலத்திலும் முதிர்வதன்றி அவளுக்கு வேறு வினையே கிடையாது! கற்பித்தல், கணக்கெழுதுதல், ஆலையில் பொதி கட்டுதல் ஆகிய எந்த வினையும் அத்தொகைக்குள் இடம்பெறவில்லை. ஆணுக்கு இதற்கிணையான சொல் வழக்கில் இல்லை. மணம் செய்யாத ஆசிரியரைக் ‘கட்டைப் பிரம்மச்சாரி’ என்போம். அதில் பாதி கேலி, பாதி மதிப்பு.

அரபு மொழி இங்கு வேறு விதமாக நடக்கிறது. ‘ஆனிஸ்’ என்னும் சொல், பருவம் எய்தி நெடுநாளாகியும் மணம் செய்யாத ஆண், பெண் இருவரையும் குறிக்கும். பெண்ணுக்கே மிகுதியாக வழங்குவர் என்று அகராதியாசிரியர்கள் கூறுகின்றனர். திருமறையின் அந்நூர் அத்தியாயம் 32ஆம் வசனத்தில் வரும் ‘அயாமா’ என்ற சொல் இன்னும் விரிந்தது. துணையில்லாத ஆணும் பெண்ணும், முன்னர் மணந்தவரும் மணவாதவரும் அதில் அடங்குவர். அவர்களுக்கு மணம் செய்வித்தல் சமுதாயத்தை நோக்கி இடப்பட்ட கட்டளை. ஆகவே ஒரு பெண் துணையின்றி இருப்பின், முதற்கேள்வி சமுதாயத்திடம் கேட்கப்பட வேண்டியது. நம் கவிதைகளோ அதைச் சாளரத்திடம் கேட்கின்றன.

நம் சமுதாயத்திற்கென்றே ஒரு சொல்லும் உண்டு: ‘குமர்’. “வீட்டில் இரண்டு குமர் இருக்கிறது” என்பர். ‘குமர் காரியம்’ என்று உதவி கோரும் மடல் பள்ளிவாசல்தோறும் படிக்கப்படுகிறது. அதில் உள்ள பரிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மடலில் பெண் ஒரு செலவு. மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை வீடு கைக்கூலி கேட்பதால் வந்த செலவு. அதே வீட்டில் மூத்த குமர் 15 ஆண்டுகளாக மாதச் சம்பளம் கொண்டுவந்து, இளைய குமரின் கைக்கூலியை ஈடுகட்டிக்கொண்டிருப்பாள். மடலில் அந்த வரவு எழுதப்படுவதில்லை.

வில்லியனூர் நிறுத்தத்தில் காலை நேரம் நின்று பார்ப்பவர்க்கு இது விளங்கும். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையத் தொழிற்சாலைகளுக்கும், நகரத்துத் துணிக்கடைகளுக்கும், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் போகிற பெண்கள் பேருந்திலும் டெம்போவிலும் நெருக்கியடித்துச் செல்கின்றனர். ஏறும்போது மணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடு இல்லை. மாலையில் இறங்கும்போது தொடங்குகிறது. அவள் எந்தப் பேருந்தில் திரும்புகிறாள் என்பது பெருநகரில் எவருக்கும் தெரியாது. இங்கே தேநீர்க் கடைக்குத் தெரியும். ஆலையில் கூடுதல் நேரம் வேலை இருந்து ஒரு பேருந்து தவறினால், அச்செய்தி அவளுக்கு முன்பே வீடு சேர்ந்துவிடும். தாய் தந்தையர் மறைந்தபின் தனியே வாடகைக்கு வீடு கேட்டால், வாடகையைச் சொல்லுமுன் “கூட யார் இருப்பார்கள்?” என்பர். தம்பியின் கடனுக்குப் பொறுப்புக் கையொப்பம் அவளுடையது. கல்யாண வீட்டுக்கு அவளுடைய மொய் வேண்டும், போனாலோ, “உனக்கு எப்போது?” என்ற கேள்வி காத்திருக்கும். நாம் படித்த கவிதைகளில் இவற்றுள் ஒன்றையும் காணோம். இவை சாளரத்திலிருந்து தெரிபவையல்ல.

உரைநடை இன்னும் சற்று நேர்மையாக இருந்திருக்கிறது. ஜெயகாந்தன் 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையின் பெண், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்காவாக வளர்ந்து, மணமின்றி அலுவலகத்தில் பணிபுரிகிறாள். 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அந்நாவலுக்குக் கிடைத்தது. கங்காவுக்குச் சிந்தனை உண்டு. தனிமைக்கு ஒரு கம்பீரம் உண்டு. எனினும் நாவலின் வழக்கு முழுவதும் அவள் கற்பைச் சுற்றியே நடக்கிறது. உத்தியோகம் அவள் உண்பதற்கு ஒரு வழி, அவ்வளவே.

திரைப்படம் பார்க்குமாறு யாருக்கும் நாம் பரிந்துரைப்பவரல்லோம். ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சம்பளம் யார் வயிற்றுக்குப் போகிறது என்று அழுத்தமாகக் கேட்டது 1974இல் பாலசந்தர் எடுத்த ‘அவள் ஒரு தொடர்கதை’தான். குடிகார அண்ணன் உட்பட ஒரு குடும்பமே கவிதாவின் உழைப்பில் உண்கிறது. அதனாலேயே அவள் மணம் தள்ளிப்போகிறது. மேடைக் கவிஞர்கள் அஞ்சும் கேள்வியைத் திரையரங்கு கேட்டுவிட்டது. கங்கா, கவிதா இருவருமே பெருநகரப் பெண்கள் என்பது மட்டும் குறை. பாகூர்ச் சாலையில் தேநீர்க் கடையைக் கடந்து நடக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

பழந்தமிழ் மரபும் தனித்த பெண்ணுக்கு எளிதில் இடம் தரவில்லை. மணத்தைத் தவிர்க்க விரும்பிய ஔவை முதுமையை வேண்டிப் பெற்றாள் என்கிறது கதை. நம் மாநிலத்துக் காரைக்காலின் அம்மையாரோ கணவன் விலகியபின் பேயுருவை வேண்டினார். இளமையோடும் அறிவோடும் ஒரு பெண் தனித்து நடமாடுவது கதைக்கே தாங்கவில்லை போலும்.

ஹதீஸ் கலை வரலாறு அவ்வாறு அஞ்சவில்லை. மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 463இல் மறைந்த கரீமா அல்மர்வஸிய்யா, ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்த பேரறிஞர். கதீப் அல்பக்தாதீ போன்ற இமாம்கள் அவரிடம் பாடம் கேட்டனர். அவர் இறுதிவரை மணம் செய்யவில்லை என்பதை இமாம் தஹபீ ஒரு வரியில் குறிக்கிறார். அந்த வரியில் இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை. மற்ற வரிகள் எல்லாம் அவர் கற்றதையும் கற்பித்ததையும் பற்றியவை. நாம் ஓதிக்கொடுக்கும் நூல்களை இயற்றிய இமாம் நவவீயும் மணம் செய்யாதவரே. திருமணம் நபிவழி என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. மணம் செய்யாதவரை எப்படிப் பேசுவது என்பதும் அம்மரபிலேயே கற்கக் கிடைக்கிறது என்கிறோம்.

சீட்டின் இரண்டாம் வரிக்குச் சட்டநூல்களில் தெளிவான விடை உண்டு. பெண் ஈட்டியது அவளுக்கே உரியது என்பது அந்நிஸா அத்தியாயம் 32ஆம் வசனத்தின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின்படி, உடன்பிறந்தாருக்குச் செலவிடுவது அவள்மீது கடமையன்று. கொடுத்தால் அது அவளுடைய கொடை. கொடையைக் கடமையெனக் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளும் வீடுகள் நம் மஹல்லாக்களில் எத்தனை என்று நமக்குத் தெரியும். அவற்றில் சிலவற்றில் நாம் விருந்து உண்டிருக்கிறோம்.

அண்மையில் அந்த இளங்கவிஞரைச் சந்தித்தோம். இப்போது அவர் அவ்வளவு இளைஞரல்லர். சீட்டை எடுத்துக் காட்டினோம். இருமுறை படித்துவிட்டு, “ஹஜ்ரத், சம்பளத்தைக் கவிதையில் எப்படி எழுதுவது?” என்று கேட்டார். சீட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.