சாமியறையும் முன்மண்டபமும்: சமயச் சின்னங்கள் அலங்காரமாதல் பற்றிச் சில குறிப்புகள்

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடி வீடு திரும்புவோர் சுவாமிப்படம் ஒன்றை வாங்கிச் செல்வது நெடுநாளைய வழக்கம். அப்படம் வீட்டின் எப்பகுதியில் மாட்டப்படுகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இலக்கிய ஆய்வாளர் பொருட்படுத்தத் தகாத சிறு வினாவாக இது தோன்றலாம். ஆயின் ஒரு பொருள் வீட்டினுள் பெறும் இடம், அவ்வீட்டார் சமூகத்திற் பெற்ற அல்லது பெற விழையும் இடத்தோடு தொடர்புடையது.

என் ஊரில் நான் நன்கறிந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று வாவியில் வலை வீசிப் பிழைப்போர் வீடு. அங்கே பிள்ளையார் படம் அடுப்படிக்கு அண்மையிலுள்ள சுவரில், கற்பூரப் புகையாற் கறுத்துப்போய்த் தொங்குகின்றது. சட்டத்தின் பின்னால் மின்கட்டணச் சிட்டை செருகப்பட்டிருக்கின்றது. ஆணியில் மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக்காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் முடிந்தது அது. படத்தின் முகம் சரிவரத் தெரியாது. தெரியவேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை.

மற்றையது வெளிநாட்டுப் பணத்திற் கட்டிய மாடிவீடு. வாயிலைக் கடந்ததும் முன்மண்டபத்தில் பித்தளை நடராசர், கண்ணாடி அலுமாரியில் மிருதங்கமும் நாதஸ்வரமும் வாசிக்கும் பிள்ளையார்கள், சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்கும் பிள்ளையார், வயிறு குலுங்கச் சிரிக்கும் சீனத்துப் புத்தர் (இவர் கௌதம புத்தரல்லர், சீன மரபின் வேறொரு துறவி என்பதை வாங்கியவர் அறியார்). இவற்றின் நடுவே, நண்பர் எவரோ அளித்த வெள்ளி முலாம் பூசிய சிலுவை. கீழிருந்து மேலாக ஒளி பாய்ச்சும் சிறு மின்விளக்குகளும் உண்டு. சாமியறை மாடியில் வேறாக இருக்கின்றது. தொழுவதற்கொரு பிள்ளையாரும் காட்டுவதற்கொரு பிள்ளையாருமாகக் கடவுளரிடையேயும் வேலைப்பிரிவினை நிகழ்ந்துவிட்டது எனலாம்.

முற்போக்காளர் சிலர் இம்மாற்றத்தை வரவேற்பர். தெய்வம் பொம்மையாகும்போது மதத்தின் பிடி தளர்கின்றது என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியின் முதல் அத்தியாயத்திலேயே, பண்டம் எளிய பொருள்போலத் தோன்றினும் இறையியல் நுட்பங்கள் நிறைந்தது என்பதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். கண்ணாடி அலுமாரியிலுள்ள பிள்ளையார் தெய்வத்தன்மையை இழந்து வெறும் பித்தளையாகிவிடவில்லை. ஒரு வழிபாட்டிலிருந்து பிறிதொரு வழிபாட்டுக்கு மாற்றப்பட்டுள்ளார், அவ்வளவே. முன்னையதில் நேர்த்தியும் அச்சமும் நன்றியும் இருந்தன. பின்னையதில் விலையும் ரசனையும் விருந்தாளியின் கண்ணும் உள்ளன.

வால்டர் பென்யமின் 1930களில் எழுதிய, இயந்திர மறுஉற்பத்திக் காலக் கலை பற்றிய கட்டுரை இவ்விடத்தில் நமக்கு உதவும். கலைப்பொருளின் வழிபாட்டு மதிப்பையும் காட்சி மதிப்பையும் அவர் வேறுபடுத்தினார். வழிபாட்டுக்குரிய பொருளுக்கு அது இருப்பதே முக்கியம், காணப்படுவதன்று என்று கூறிய அவர், ஆண்டின் பெரும்பகுதி திரையிட்டு மறைக்கப்பட்டிருக்கும் மரியன்னை உருவங்களைச் சான்று காட்டினார். மட்டக்களப்பாருக்கு இதனை விளக்கத் திரையிட்ட மரியன்னை வேண்டியதில்லை. எமது கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசித் திங்களிற் கதவு திறந்து, சடங்கு நிகழ்த்தி, குளிர்த்தி பாடி முடிந்ததும் மீண்டும் கதவை அடைத்துவிடுவர். ஆண்டின் எஞ்சிய நாள்களில் அம்மன் காட்சிப்பொருளல்லள். கும்பத்தை எண்ணிப் பார்க்க. நீரும் தேங்காயும் இலையும் கொண்டு அமைந்த அது சடங்குக் காலத்தில் தெய்வம்; சடங்கு முடிந்தபின் குடமும் தேங்காயுமே.

கத்தோலிக்கர் வீடுகளிலும் இதற்கு இணையானதொன்று உண்டு. குருத்து ஞாயிறன்று கோயிலிற் பெற்ற ஓலையைச் சிலுவையாக மடித்துச் சுருவத்தின் பின்னாலோ கதவுநிலையிலோ செருகிவைப்பர். ஓராண்டு காய்ந்து சருகான அவ்வோலைகள் எரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் விபூதிப் புதனன்று நெற்றியிற் சாம்பலாக இடப்படும். ஓலைச் சிலுவைக்கு வாழ்நாள் உண்டு; அது செய்யவேண்டிய வேலையும் உண்டு. வெள்ளி முலாம் சிலுவைக்கு இரண்டுமில்லை. தூசி துடைப்பது மட்டுமே அதனோடு எஞ்சியுள்ள மனித உறவு.

சின்னத்தைக் காட்டுதல் எக்காலத்திலும் ஆடம்பரமாக இருந்ததில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் இரவலர் கோலத்தில், கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாகச் சென்றார் என்பர். அம்மாலையைக் கண்டவர் முகத்தில் தோன்றும் மாறுதலைக் கொண்டே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் இனங்கண்டாராம். அக்காலத்தில் வீட்டிலுள்ள ஒரு சிலுவை, பிடிபட்டால் தண்டனை தரும் பொருள். இன்று கடையில் 'சுவர் அழகு' என்ற பெயரில் விற்கப்படும் சிலுவைக்கு இவ்வரலாறு தெரியாது.

எனினும் அச்சுப்படத்தையும் சந்தையையும் ஒருசேரப் பழித்துவிடுதல் ஆய்வாகாது. ஆனந்த குமாரசுவாமி இவ்வழியிற் சென்றவர். கலைப்பொருளை அதன் பயனிலிருந்து பிரித்து நூதனசாலையில் வைப்பதை அவர் 1943இல் வெளியிட்ட நூலிற் கடுமையாகக் கண்டித்தமை சரியே. ஆயின் அவர் மனக்கண்ணில் நின்ற மரபுச் சமுதாயத்தில், கோயிலின் உள்ளே செல்ல எவருக்கு உரிமை இருந்தது என்ற வினா எழுவதில்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி இலக்குமியையும் சரஸ்வதியையும் வண்ணப் படங்களாக அச்சிட்டார். பின்னர் சிவகாசி நாட்காட்டிகள் அவ்வேலையைப் பன்மடங்காக்கின. ரசனை மிக்கோர் இப்படங்களை மலினமானவை என்பர். யாழ்ப்பாணத்தில், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்நுழையும் உரிமைக்காகப் போராடிய மக்களை நினைத்துக்கொண்டு அப்படங்களை மீண்டும் நோக்குதல் வேண்டும். வாசலில் தடுக்கப்பட்டவனின் குடிசைக்குள் முருகன் ஓர் அச்சுத்தாளாகத்தான் வரமுடிந்தது. அங்கே மலிவு என்பது ஒரு குறைபாடன்று. அதுவே அதன் சனநாயகம்.

ஆகவே அச்சிட்டதா செதுக்கியதா, மலிவா விலையுயர்ந்ததா என்பது அடிப்படை வினாவன்று. அப்பொருளோடு மனிதர் கொள்ளும் உறவு யாது, 'இது வெறும் அலங்காரம்' என்று சொல்லும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பனவே வினாக்கள். ஐரோப்பியத் தோட்டங்களிற் செடிகளுக்கிடையே புத்தரின் தலை மட்டும் தனித்து வைக்கப்படுகின்றது. தலை மட்டுமான அவ்வுருவம் எங்கிருந்து வந்தது? கம்போடியா முதலிய நாடுகளின் கோயில்களிற் சிலைகளின் தலைகளை வெட்டி எடுத்துச் சென்ற கொள்ளையே அவ்வடிவத்தை மேற்கின் கண்ணுக்குப் பழக்கியது. தலை சுமப்பதற்கு எளிது; முழுச்சிலை கடினம். கொள்ளையரின் வசதி இன்று சிமெந்து வார்ப்பில் ஓர் அழகியலாக விற்பனையாகின்றது. வாங்கி வைப்பவரை எவரும் விசாரிப்பதில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. 2014இல் கையிற் புத்தர் உருவைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்று 2017இல் நட்டஈடு பெற்றார். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் சிறுவர் பலர் உட்பட வழிபட வந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் ஹசலக்கவில் முஸ்லிம் பெண்ணொருவர் தம் ஆடையிலிருந்த அச்சுக்கோலத்துக்காகக் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். ஆடையிலிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பொலிசாரின் கண்ணுக்கு அது தர்மச்சக்கரம். அலங்காரத்தைப் புனிதமென்றும், புனிதத்தை அலங்காரமென்றும் வகைப்படுத்தும் உரிமை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? அப்பெண் அணிந்திருந்தது மலிவான ஓர் அச்சுத்துணி. மாடிவீட்டு அலுமாரியிலோ மூன்று மதங்களின் உருவங்கள் ஒரே மின்விளக்கில் அச்சமின்றி ஒளிர்கின்றன. அவ்வச்சமின்மையும் விலைகொடுத்துப் பெற்றதுதான்.

அந்த மாடிவீட்டைப் பற்றி இன்னொன்று. வீட்டுக்காரரின் வயது முதிர்ந்த தாயார் சென்ற ஆண்டு ஆடி அமாவாசைக்கு வந்து சில நாள் தங்கினார். முழங்கால் வலியால் மாடிச் சாமியறைக்கு அவரால் ஏற முடியவில்லை. காலையில் எழுந்து, சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்கும் அந்தப் பிள்ளையாரின் முன் செவ்வரத்தம்பூ ஒன்றை வைத்துத் திருநீறும் இட்டுக் கும்பிட்டிருக்கின்றார். நான் சென்ற வேளையில் மருமகள் ஈரத்துணியால் அலுமாரித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெருகிட்ட பலகையிற் பூச்சாறு கறையாகப் படிந்திருந்தது. "சாமி மேலே இருக்குது எண்டு எத்தினை தரம் சொன்னாலும் மாமிக்கு விளங்குதில்லை" என்றார்.