தேர் கொடுத்தவரும் கார் கொடுப்பவரும்

பாரி முல்லைக்கொடிக்குத் தேரை ஈந்த கதையைப் பள்ளிப் பருவம் முதல் நாம் கேட்டு வந்திருக்கிறோம். கேட்டுப் பாராட்டுமாறே பயிற்றப்பட்டும் இருக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கொடிக்கு வேண்டியது ஒரு கொழுகொம்பு. தேர் அதற்கு எதற்கு? இவ்வாறு கேட்பது வள்ளலை இழிவுபடுத்துவதாகாது. கொடையைப் பெறுபவரின் பக்கத்தில் நின்று கொடையை நோக்குவதே அதன் கருத்து. அப்பக்கத்தில் நின்றே இன்றைய கொடை ஒன்றை ஆராய விழைகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, யப்பானிலிருந்து தருவித்த அரிய பந்தயக் கார்களைத் தரும ஸ்தாபனங்களுக்குக் கொடுக்கும் வழக்கமே அது.

முதலில், அக்கார் அரிதானது எவ்வாறு என்பதை நோக்குவோம். 1989ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். என்னும் காரை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கச் செய்யப்படாத கார்களை அந்நாட்டினுள் கொண்டுவருவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக வரையறுத்தது. உற்பத்தியாகி இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அத்தடை விலகும். ஆகவே 1989இன் கார் 2014இல்தான் எளிதாக உள்ளே வந்தது. 1999இல் வெளிவந்த அதன் பின்னைய வடிவம் 2024வரை காத்திருந்தது. யப்பானிலோ, தனியார் காரொன்று மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் ஈராண்டுக்கு ஒரு முறையும் செலவுமிக்க பரிசோதனைக்கு உட்படவேண்டும். அங்கே பழைய கார் சொந்தக்காரருக்குச் சுமை. கடல் கடந்ததும் அதுவே செல்வம். திரைப்படம் அச்செல்வத்தை மேலும் பெருக்கிற்று. ஹொலிவூட் படவரிசை ஒன்றின் 2009ஆம் ஆண்டுப் படத்தில் தோன்றிய ஸ்கைலைன் கார் ஒன்று 2023இல் பதின்மூன்று இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஆகவே அருமை என்பது இரும்பிலும் இயந்திரத்திலும் மட்டும் உறைவதன்று. சட்டமும் சந்தையும் திரையின் நிழலும் கூடி அதனை உண்டாக்கின.

இத்தகைய காரை ஒருவர் தருமத்துக்குக் கொடுக்கும்போது, அவர் கொடுப்பது எது? ஓடும் வண்டியையா, சந்தை அதன்மேல் ஏற்றிவைத்த விலையையா?

அமெரிக்க வரிச்சட்டத்தின் வரலாறு இக்கேள்விக்கு ஒரு விடையைத் தருகிறது. முன்னர், காரைக் கொடுப்பவர் அதன் சந்தைப் பெறுமதியைத் தாமே மதிப்பிட்டு, அத்தொகையை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. 2003இல் அந்நாட்டுக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் ஐம்பத்து நான்கு கார்களின் கதையைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் வரிப்பத்திரத்தில் எழுதிய தொகையின் 5 வீதமோ அதற்கும் குறைவோதான் தருமத்தைச் சென்றடைந்திருந்தது. எஞ்சியதில் ஒரு பகுதி இடைத்தரகருக்கும் விளம்பரத்துக்கும் ஏலச் செலவுக்கும் போயிற்று. மற்றொரு பகுதி என்றுமே இருந்ததில்லை, காகிதத்தில் மட்டுமே வாழ்ந்தது. ஆனால் அக்காகிதத்தைக் காட்டிப் பெற்ற வரிக்குறைப்பு மெய்யானது. பொதுப் பணத்தில் நேர்ந்த குறைவும் மெய்யானது.

2004இல் சட்டம் திருத்தப்பட்டது. 500 டொலருக்கு மேற்பட்ட கழிவு கோரப்படும் காரைத் தரும ஸ்தாபனம் விற்றுவிட்டால், விற்ற தொகைக்கு மேல் கொடையாளர் கழிவு கோர முடியாது. இதற்கு மூன்று விலக்குகள் உள. ஸ்தாபனம் காரைத் தன் பணிக்குக் கணிசமாகப் பயன்படுத்தவேண்டும். அல்லது அதனைப் பெரிதும் திருத்தி மேம்படுத்தவேண்டும். அல்லது வறியவர் ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ வழங்கவேண்டும். அவ்வேளைகளில் முழுச் சந்தைப் பெறுமதியையும் கோரலாம். வரிச்சட்டத்தின் வறண்ட வாசகங்களினிடையே இவ்விலக்குகள் ஓர் உயரிய கருத்தைத் தாங்கி நிற்கின்றன. பொருளாகவே பயன்படும் கொடை ஒன்று. காசாக மாறி வரும் கொடை வேறொன்று.

யப்பானியப் பந்தயக் கார் முதலாவது வகையில் அடங்குவது அரிது. வலப்புறத்தில் திசைமாற்றி கொண்ட அவ்வண்டியை அமெரிக்கத் தெருவில் ஓட்டுவதே சங்கடம். உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. காப்புறுதி பெறுவதும் எளிதன்று. வேலைக்குச் செல்ல வழியின்றித் தவிக்கும் தாயொருத்திக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பழைய சாதாரணக் கார் ஒன்றே அவளுக்கு வாழ்வளிக்கும். ஆகவே அரிய கார் விற்கப்பட்டே தீரும். அங்கேயும் ஓர் அபாயம் உண்டு. தொலைபேசியில் அழைத்தால் வீட்டுக்கு வந்து வண்டியை இழுத்துச் செல்லும் சாதாரண ஏற்பாட்டில் அதனை ஒப்படைத்தால், பழுதான நூறு வண்டிகளோடு மொத்த ஏலத்தில் அது கரைந்துவிடக் கூடும். அதன் அருமையை அறிந்த வாங்குநர் கூடும் ஏலத்திற் சேர்த்தாலன்றி, கொடையின் பெரும் பங்கு தரகரின் இலாபமாக முடியும். எங்கே, எவர் மூலம், எவ்வளவு தரகுக்கு விற்கப்படும் என்று கேட்டறியாத கொடையாளர், தம் மனநிறைவை மட்டுமே கொடையாகப் பெற்றுக்கொள்பவராவார்.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. 2019 ஜனவரியில் ரொயோட்டா நிறுவனம் தன் புதிய சுப்ரா வகையின் முதற் காரை அரிசோனாவில் ஏலத்துக்கு விட்டது. அப்போது ஏறத்தாழ 50,000 டொலரில் விலை தொடங்கிய வகையைச் சேர்ந்த அக்கார் 21 இலட்சம் டொலர் ஈட்டியது. அப்பணம் அமெரிக்க இருதயச் சங்கத்துக்கும், போரிற் காயமுற்ற வீரர்களுக்கு உதவும் பொப் வூட்ரவ் ஸ்தாபனத்துக்கும் உரியதாயிற்று. இதனை வெறும் விளம்பரம் என ஒதுக்கிவிடுவது எளிது. விளம்பரமும் அதில் இருந்தது. அதே மாதத்திலேதான் அக்கார் உலகுக்கு அறிமுகமாயிற்று. ஆயினும் அப்பணத்தால் நடைபெறும் ஆராய்ச்சி பொய்யாகிவிடாது. நோயாளிக்கு மருந்து வந்த வழியைவிட மருந்தே முக்கியம்.

எமது வினா அதற்கு அப்பாலே தொடங்குகிறது. இருதய நோயாளிக்கு உதவி கிட்டுவது, செல்வர் இருவர் ஏல மண்டபத்தில் ஒருவரையொருவர் விஞ்ச நினைத்த மாலைப்பொழுதைச் சார்ந்திருக்கலாமா? எந்த நோய்க்குப் பணம், எந்த ஊருக்கு மருத்துவமனை என்பதைத் தீர்மானிப்பவர் யார்? உயர்ந்த வரிப்படியில் இருப்பவர் கொடுக்கும் ஒவ்வொரு டொலரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வரிக்குறைப்பு வழியாகப் பொதுமக்களிடமிருந்தே வருகிறது. அப்பங்கைப் பற்றிப் பொதுமக்களிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. மறுபுறத்தில், நிலையான கழிவையே எடுத்துக்கொள்ளும் சாதாரணத் தொழிலாளி தன் ஒரே பழைய காரைத் தருமத்துக்குக் கொடுத்தால், அவரது வரியில் ஒரு சதமும் குறைவதில்லை. இருவரும் செய்தது ஒரே செயல். அரசு ஒருவரது ஈகையில் பங்குகொள்கிறது. மற்றவரது ஈகையை அறியாமலே இருக்கிறது. ஈகைக்கும் கைமாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை வள்ளுவர் வகுத்துக் காட்டினார். அதன்படி நோக்கின் இவ்விருவருள் யார் ஈகையாளர் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அரிய காரை வைத்திருப்பவர் அதனைக் கொடுக்கட்டும். கொடுப்பதினும் பூட்டிவைப்பது மேல் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் கொடுப்பவர் பெறுபவரின் தேவையை முதலில் கேட்டறியட்டும். விற்பனையின் கணக்கை வெளிப்படையாகக் காட்டுமாறு கோரட்டும். கணக்கில்லாத கருணையை நம்பி நோயாளிகள் வாழ முடியாது. கருணையை மட்டும் நம்பி மருத்துவமனைகளும் வாழலாகாது. அவை வரியாலும் உரிமையாலும் நிலைபெற வேண்டியவை.

பாரியின் தேர் விற்கப்படவில்லை. நின்ற இடத்திலேயே அது கொழுகொம்பாயிற்று. அந்த ஒரு காரணத்துக்காகவே அக்கொடையை நாம் இன்றும் மதிக்கிறோம். ஆனால் காட்டிலுள்ள கொடிகள் யாவும் தேரோடு ஒருவன் வருவானெனக் காத்திருக்க முடியாது. அவற்றுக்கு வேண்டியது பந்தல்.