ஆர்க்கிட்டை வேரிலிருந்து பாருங்கள்

நர்சரிகளில் வெள்ளையிலும் ஊதாவிலும் கிடைக்கும் பலனாப்சிஸ் ஆர்க்கிட் பரிசாக வந்தால், பெரும்பாலான வீடுகளில் ஒன்றே நடக்கிறது. வரவேற்பறை மேசையில் வைத்து இரண்டு மூன்று மாதம் பூவைப் பார்ப்பார்கள். பூ உதிர்ந்ததும் செடி பால்கனி மூலைக்குப் போய்விடும். பூ அழகுதான், அதை ரசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் செடியில் பார்த்துப் பழக வேண்டியது வேர். அதைப் பார்க்கத் தெரிந்தால் வளர்ப்பும் பாதி வசப்பட்டுவிடும்.

பலனாப்சிஸின் சொந்த ஊர் பிலிப்பைன்ஸ், போர்னியோ, ஜாவா பக்கத்து மழைக்காடுகள். அங்கே அது குடியிருப்பது மரக்கிளையில். உடனே புல்லுருவி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வீண்பழி! புல்லுருவி மரத்துக்குள் ஊடுருவிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டுக்குக் கிளை வெறும் இருப்பிடம்தான். மழைநீர், காற்று, பட்டை இடுக்கில் மக்கிய சருகு இவை போதும்.

கிளையில் வழிந்தோடும் மழையை நொடியில் பிடித்துக்கொள்ள வேண்டுமே, அதற்குத்தான் வேரைச் சுற்றி வெலாமென் என்றொரு தடித்த உறை. அது உயிரற்ற, வெற்றுச் செல்களின் அடுக்கு. காய்ந்திருக்கையில் செல்களில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி பூசியதுபோல் தெரியும். காய்ந்த வேர் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பட்ட இடம் கண்ணெதிரே பச்சையாகும். உறை நீரை உறிஞ்சியதும் ஒளி ஊடுருவ, உள்ளேயுள்ள பச்சையம் வெளியே தெரிகிறது. ஆம், இந்த வேரும் ஒளியில் உணவு தயாரிக்கும். ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியில் இதை விற்பது நல்ல ஏற்பாடு. அழகுக்காக அதைப் பீங்கான் ஜாடிக்குள் இறக்கி மறைத்துவிடாதீர்கள்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது. தொட்டிக்குள் வேர்கள் வெள்ளியாக இருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் இன்று வேண்டாம். ஊற்றுவதானால் காலையில் குழாயடியில் வைத்து நன்றாக நனைத்து, முழுதும் வடியவிடுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். குருத்து அழுகினால் செடி பிழைப்பது அரிது. துளசிக்குத் தினமும் ஒரு செம்பு ஊற்றும் கை இங்கே சும்மா இருக்க வேண்டும். பழுப்பேறிக் கொழகொழத்த வேர், அன்பு அதிகமானதன் அடையாளம். அதை வெட்டிவிட்டு, கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு கலந்த புதுத் தொட்டிக்கு மாற்றலாம். மண் மட்டும் கூடவே கூடாது. வேர் மூச்சுத் திணறிவிடும்.

வெயில் நேராக விழாத, வெளிச்சமான கிழக்கு ஜன்னல் நல்ல இடம். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை; சிவப்போடினால் அதிகம்.

இனி பூவுக்கு வருவோம். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் மூன்று புல்லியிதழ்கள், முன்னே அகன்ற இரண்டு அல்லியிதழ்கள். மூன்றாவது அல்லியிதழ்தான் உதடாக மாறியிருக்கிறது. பூச்சி வந்து இறங்கும் மேடை அது. வெள்ளை வகைகள் பலவற்றில் உதட்டு நுனியில் இரண்டு மெல்லிய மீசைகள் சுருண்டிருக்கும். உதட்டுக்கு மேலே குட்டையான ஒரு தூண். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகச் சேர்ந்தது. அதன் முனையிலுள்ள சிறு மூடியை, வாடப்போகும் பூ ஒன்றில், பல்குச்சியால் மெல்ல நெம்பினால் மஞ்சள் மகரந்த உருண்டைகள் குச்சியில் ஒட்டி வரும். இங்கே மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. மொத்தமாகப் பூச்சியின் மேல் ஏறிப் பயணம் போகிறது.

இதன் விதையோ தூசியைவிடப் பெரிதல்ல. அதில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சையின்றிச் சர்க்கரை கலந்த அகார் கூழிலேயே முளைக்கவைக்க முடியும் என்று 1922இல் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று கடைக்கு வரும் பலனாப்சிஸ் ஆய்வகக் குடுவையில் பிறந்தது. ஆகவே, மலைப்பாதை ஓரத்தில் காட்டு ஆர்க்கிட்டைப் பிடுங்கி விற்பவரிடம் வாங்க எந்த நியாயமும் இல்லை. காட்டு வகைகளைப் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது.

சென்னையில் வளர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது: இலை செழித்தும் மறுபடி ஏன் பூக்கவில்லை? குறை உரத்தில் இல்லை, வெப்பத்தில். 28 டிகிரிக்கு மேலேயே நிலைத்திருந்தால் பூந்தண்டு கிளம்பாது. 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ சில வாரங்கள் கிடைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இது கேள்வியே அல்ல. சமவெளியில் மார்கழியும் தையும்தான் நம்பிக்கை.

அந்த மாதங்களில் இலைக்கணுவில் பச்சையாக ஏதாவது எட்டிப் பார்த்தால், வேரா தண்டா என்று கவனியுங்கள். நுனி வழவழவென்று உருண்டிருந்தால் வேர். நுனியில் ஒரு பக்கம் மடிப்பு விழுந்து கூம்பியிருந்தால் பூந்தண்டு. தண்டுதான் என்று உறுதியானால் மொட்டு விரியும்வரை தொட்டியைத் திருப்பாதீர்கள். வெளிச்சம் வரும் பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் பூக்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்கும்.