சிட் பாரெட்டின் ‘ஓபெல்’: எஞ்சிய பதிவுகளும் பாடவேறுபாடும்

1. முன்னுரை

ஆசிரியர் ஒருவர் தம் காலத்தில் வெளியிடாது விட்டவற்றைப் பிறர் தேடித் தொகுத்து வெளியிடும்போது, அத்தொகுப்பை அவருடைய படைப்பாகக் கொள்வதா, அவரைப் பற்றிய சான்றாகக் கொள்வதா என்னும் வினா எழுகிறது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர்க்கு இவ்வினா புதிதன்று. ஒலிப்பதிவுத் துறையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பாடல் பலமுறை பதிவு செய்யப்படுகிறது. அவற்றுள் ஒன்றே வெளிவருகிறது. ஏனையவை ஒலிநாடாக்களில் உறங்குகின்றன. ஆங்கிலப் பாடலாசிரியர் சிட் பாரெட்டின் ‘ஓபெல்’ என்னும் தொகுப்பைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பாரெட்டும் ‘புறத்தார் இசை’ என்னும் பகுப்பும்

ரோஜர் கீத் பாரெட் 1946இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். இலண்டனில் ஓவியக்கலை பயின்றவர். பிங்க் ஃபிளாய்ட் குழுவைத் தொடங்கியோருள் ஒருவர். 1967இல் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பில் பெரும்பாலான பாடல்கள் இவருடையவையே. உளநலம் குன்றிய நிலையில் 1968இல் குழுவிலிருந்து விலகினார். ‘தி மேட்கேப் லாஃப்ஸ்’, ‘பாரெட்’ என்னும் இரு தனித்தொகுப்புகளும் 1970ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. பின்னர் இசையுலகைத் துறந்து கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

இர்வின் சூசிட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் இஸட்’ என்னும் நூலில், இசைத்துறையின் நெறிகளுக்கு வெளியே நின்று பாடியோரைப் ‘புறத்தார்’ எனப் பகுத்து, அவருள் பாரெட்டையும் சேர்த்தார். கலைக்கல்லூரியில் பயின்று, புகழ்பெற்ற குழுவொன்றின் முதன்மைப் பாடலாசிரியராக விளங்கியவர் எவ்வாறு புறத்தார் ஆனார்? அவரது பயிற்சியோ மொழியோ அவரைப் புறத்தே நிறுத்தவில்லை. அவருடைய பதிவுகளுள் எவை வெளிவந்தன, எவை நிறுத்தி வைக்கப்பட்டன என்னும் தேர்வுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

3. தொகுப்பின் அமைப்பு

‘ஓபெல்’ 1988இல் வெளிவந்தது. 1968 முதல் 1970 வரை பதிவான பதினான்கு உருப்படிகள் இதில் உள்ளன. இவற்றை இருவகைப்படுத்தலாம். முன்பு வெளிவராத பாடல்களும் இசைக்கோவைகளும் ஒருவகை. முன்பே வெளிவந்த பாடல்களின் மாற்று வடிவங்கள் மற்றொரு வகை. ‘ஓபெல்’, ‘வேர்ட் சாங்’, ‘ஸ்வான் லீ’ முதலியன முதல்வகையைச் சார்ந்தவை. ‘க்ளௌன்ஸ் அண்ட் ஜக்லர்ஸ்’, ‘வுடன்ட் யூ மிஸ் மீ’, ‘ரேட்ஸ்’ முதலியன இரண்டாம் வகையின. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘சேம்பர் மியூசிக்’ நூலின் ஐந்தாம் பாடலுக்குப் பாரெட் அமைத்த இசை, குரலோடு ஒன்றும் குரலின்றி ஒன்றுமாக இரு வடிவங்களில் இடம்பெற்றுள்ளது.

4. மாற்று வடிவமும் பொருள்கோடலும்

மாற்று வடிவத்தின் பயன் ‘க்ளௌன்ஸ் அண்ட் ஜக்லர்ஸ்’ பாடலில் தெளிவாகிறது. 1968இல் இப்பெயரில் பதிவான பாடல் மறு ஆண்டில் ‘ஆக்டோபஸ்’ எனப் பெயர் மாறி வெளிவந்தது. பின்னைய பெயரை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் கடல்வாழ் எண்காலியை நினைத்து, பொருந்தாப் படிமம் என மயங்குவார். மயங்கியபின் அதனைப் பித்தின் விளைவு என்றும் கூறிவிடுவார். ஆனால் ஆக்டோபஸ் என்பது ஆங்கிலத் திருவிழாத் திடல்களில் எட்டுக் கரங்களோடு சுழலும் ராட்டினத்தின் பெயருமாகும். கோமாளிகளையும் பந்து வீசிப் பிடிக்கும் வித்தைக்காரர்களையும் சுட்டும் முன்னைய தலைப்பு அத்திடலை நம் கண்முன் நிறுத்துகிறது. எனவே இப்பாடலில் ராட்டினப் பொருளே முதன்மையானது எனத் துணியலாம். ஒரு பாடத்தின் இருளை மற்றொரு பாடம் நீக்குகிறது.

இப்பாடலின் தொடர்கள் பல ஹென்றி நியூபோல்ட் முதலியோரின் கவிதைகளிலிருந்தும் குழந்தைப் பாடல்களிலிருந்தும் எடுத்துக் கோக்கப்பட்டவை என்பதை ராப் சாப்மன் 2010இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு எடுத்துக்காட்டுகிறது. சிதறிய மனத்தின் உளறல் எனப்பட்டது, பரந்த வாசிப்புடைய ஒருவரின் திட்டமிட்ட தொடுப்பு என்பது இதனால் புலனாகும்.

முதல் தனித்தொகுப்பின் பெயரும் இப்பாடலிலிருந்து வந்ததே. பாரெட் பாடியது ‘பித்துப் பூனை’ என்னும் பொருள்தரும் தொடர் என்றும், தயாரிப்பாளருள் ஒருவரான டேவிட் கில்மோர் அதனை ‘மேட்கேப்’, அதாவது கிறுக்கன், எனக் கேட்டார் என்றும் கூறுவர். ஆங்கிலத்தில் சொல்லிறுதி வல்லொலிகள் மற்றொரு மெய்க்கு முன் வெடிப்பின்றி ஒலித்தல் இயல்பு. ஆதலால் ‘ட்’, ‘ப்’ மயக்கம் எளிதில் நேரும். எனினும் இதன் விளைவு எளிதன்று. பூனைக்குரிய அடை, பாடியவர்க்கே உரிய பட்டமாக இசைத்தட்டின் முகப்பில் ஏறிவிட்டது.

5. இரு மொழியியற் சான்றுகள்

‘ஓபெல்’ என்னும் தலைப்புச்சொல் அப்பாடலுக்குள் எங்கும் வருவதில்லை. அது வாகனப் பெயரா, அதே ஒலிப்புடைய மணியின் பெயரா என்பதை எழுத்து காட்டினும் செவி காட்டாது. பாடலின் முற்பகுதி ஆளில்லாக் கடற்கரையை வரைகிறது. கரிய நிறத் தூண், ஒதுங்கிய மரத்துண்டு, சிப்பி என்று பொருள்கள் நிரலாக வருகின்றன, பேசுவோன் தோன்றுவதில்லை. பிற்பகுதியில் தன்மை ஒருமை திடீரெனப் புகுந்து, முன்னிலையார் ஒருவரைத் தேடும் முயற்சியை மீண்டும் மீண்டும் கூறுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பெயர் ஒவ்வொரு தொடரின் தலையிலும் நின்று மோதுகிறது. தமிழில் ‘-ஏன்’ விகுதியே தன்மையை உணர்த்திவிடும். பெயரை வெளிப்படையாகக் கூறாவிடின் அம்மோதல் மறையும். ஆகவே ‘நான்’ என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுதலே மூலத்திற்கு இயையும். முன்னிலைக்கு ‘நீ’ என்பதே தகும். காதலிக்கும் கடவுளுக்கும் தன் நெஞ்சுக்கும் தமிழில் ஒருங்கே வழங்கும் சொல் அது. மூலத்தின் ஐயநிலையை அது காக்கிறது.

‘வேர்ட் சாங்’ இதற்கு எதிர்முனை. தொடரியல் உறவின்றிச் சொற்களை அடுக்கிப் பாடிய பாடல் இது. ஆங்கிலச் சொற்கள் பல பெயராகவும் வினையாகவும் நிற்கவல்லவை. தொடர் இல்லாதபோது வகை துணியப்படாமலே நிற்கின்றன. தமிழில் அடி, இடி, உதை போன்ற முதனிலைத் தொழிற்பெயர்களே இவ்வாறு நிற்கும். எனவே இதனைப் பெயர்ப்போர் பொருளைவிட ஒலியையும் சொல்வகை மயக்கத்தையும் முதன்மையாகக் கொள்ளல் வேண்டும். இதனை நோயின் மொழி எனக் கொள்வோர், தொடரமைப்பில் இத்துணைத் தெளிவுடைய ‘ஓபெல்’ பாடலையும் உடன்வைத்து நோக்குதல் கடன்.

6. தேர்வின் பொறுப்பு

‘தி மேட்கேப் லாஃப்ஸ்’ தொகுப்பில் ‘இஃப் இட்ஸ் இன் யூ’ என்னும் பாடல், தொடங்கித் தடுமாறி நின்ற இடங்களோடு அவ்வாறே வெளியிடப்பட்டது. அத்தொகுப்பின் தயாரிப்பாளருள் ஒருவரான மால்கம் ஜோன்ஸ், அதன் உருவாக்கம் பற்றித் தாம் எழுதிய சிறுநூலில் இதனை ஏற்கவில்லை. ‘ஓபெல்’ பாடல் விடப்பட்டதையும் குறையாகவே கருதினார். 1969இல் பதிவாகியிருந்த ஒரு நிறைவான பாடல் பத்தொன்பது ஆண்டுகள் வெளிவராமல் கிடந்தது. ஒரு தடுமாற்றமோ விரைவில் வெளிவந்தது. கேட்போர் உள்ளத்தில் எவ்வுருவம் பதிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

‘வுடன்ட் யூ மிஸ் மீ’ மற்றொரு சான்று. ‘டார்க் குளோப்’ என்னும் பெயரில் 1970இல் வெளிவந்த வடிவில் குரல் எட்டாத உயரத்திற்கு முயன்று நலிகிறது. ‘ஓபெல்’ தொகுப்பிலுள்ள வடிவில் அதே பாடல் அமைதியாக ஒலிக்கிறது. நலிந்த குரல் பாரெட்டின் ஒரே குரலன்று. வெளியிடத் தேர்ந்த குரல்.

எனினும் ‘ஓபெல்’ குறையற்றதன்று. பதிவுகள் கால வரிசையில் அமையவில்லை. 1968ஆம் ஆண்டுப் பாடலுக்கு அடுத்து 1970ஆம் ஆண்டுப் பாடல் வருவதால் பாடலாசிரியரின் மொழி மாறிச்சென்ற வழி புலப்படாது போகிறது. மேலும் மாற்று வடிவங்களை மூலத்தொகுப்புகளோடு ஒருங்கே கேட்டாலன்றி அவற்றின் பயன் விளங்காது. 1993இல் வெளிவந்த ‘கிரேஸி டைமண்ட்’ என்னும் பெருந்தொகுப்பு மூன்று தொகுப்புகளையும் கூடுதல் பதிவுகளோடு ஒன்றாக வெளியிட்டு இக்குறையை ஓரளவு நீக்கிற்று. ஆனால் அதற்குச் சூட்டிய பெயர் மீண்டும் பித்தையே சுட்டுகிறது.

7. முடிவுரை

எஞ்சிய பதிவுகளின் தொகுப்பை ஆசிரியரின் இறுதி விருப்பமாகக் கொள்ளல் இயலாது. பாரெட் அதனைத் தேர்ந்தவர் அல்லர். நோயின் ஆவணமாகக் கொள்ளலும் முறையன்று. பாடவேறுபாட்டுத் திரட்டாகக் கொள்வதே ஏற்புடையது. அவ்வாறு கொள்ளும்போது பெயரை மாற்றியும் குரலை மாற்றியும் மீண்டும் பாடிப்பார்த்த ஒரு தொழிலாளரை நாம் காண்கிறோம். மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் பெறப்படுவது ஒன்றுண்டு: விளங்காத தொடரை ஆசிரியரின் கிறுக்கு என எழுதுமுன், அதன் வேறு பாடம் எங்கேனும் உள்ளதா எனத் தேடல் வேண்டும். தேடாத பெயர்ப்பாளர் பூனையைக் கிறுக்கனாக்கியவரின் பிழையையே மீண்டும் செய்வார்.