‘ரிம்வேர்ல்ட்’ விளையாட்டில் தரையும் தூய்மையும்

டைனன் சில்வெஸ்டர் உருவாக்கி, 2018 ஆம் ஆண்டில் முழுவடிவு பெற்ற ‘ரிம்வேர்ல்ட்’ என்னும் குடியேற்றக் கணினி விளையாட்டில், தூய்மை அறைக்குரிய பண்பாக அமைந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்துத் தரைக்கும் உரிய எண்ணும், ஆங்குள்ள அழுக்கு முதலியவற்றிற்குரிய எண்ணும் கூட்டப்பெற்று, கட்டங்களின் தொகையால் வகுக்கப்பெறும். வெறுமண்ணுக்கு −1, கல்லோட்டிற்குச் சுழி, எஃகோட்டிற்கு 0.2, கிருமியற்ற ஓட்டிற்கு 0.6. ஆதலின் இறுதியிற் கூறியதே எவ்விடத்தும் சிறந்தது என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமாறில்லை.

சமையலறையை நோக்குவோம். அறையின் மதிப்பு −2க்குக் கீழிறங்கினாலன்றி அழுக்கால் உணவு நஞ்சாவதில்லை. (சமைப்போர் திறக்குறையால் நஞ்சாதல் வேறு.) ஆங்கு இறைச்சி வெட்டும் மேசை ஒன்றை இட்டால் அதற்கு மட்டும் −15. 25 கட்ட அறையில் இதனை ஈடுசெய்ய அறை முழுதும் கிருமியற்ற ஓடு பாவுதல் வேண்டும். 300 வெள்ளியும் 75 எஃகும் செலவாம். வெள்ளியோ அவ்வுலகின் நாணயம். மேசையை அடுத்த அறைக்கு மாற்றினாலோ செலவே இல்லை! ஈண்டுத் தரையின் விலையினும் அறைகளின் அமைப்பே முதன்மையுடையது என்பது எம் துணிபு.

மருத்துவ அறையின் நிலை வேறு. அறுவையின் வெற்றியும், புண்ணிற் கிருமி பற்றுதலும் அறைத் தூய்மையைச் சார்ந்து மாறுவன. ஆங்கு அவ்வோட்டிற்குச் செலவிடும் வெள்ளி வீணன்று. ஆய்வறையில் ஆய்வின் விரைவும் அவ்வாறே.

எனினும், சராசரி காணும் இம்முறையில் ஒரு குறை உண்டு. நோயாளியின் கட்டிலருகே கிடக்கும் குருதிக்கறை, அறை பெரிதாயின் சிறிதாகவே எண்ணப்படுகின்றது. கறைக்கும் கட்டிலுக்கும் உள்ள தொலைவை இக்கணக்கு அறியாது.